காய்கறித் தோட்டத்தில் பூச்சிக் கண்காணிப்பு: நாற்றங்கால் முதல் கடைசிப் பறிப்பு வரை

அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு, பெரியபாளையம் சாலையில் 70 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 40 சென்டில் கத்தரியும் 20 சென்டில் வெண்டையும் மீதியில் பாகலும் வைத்த முதல் ஆடிப்பட்டத்தில் நான் ஒன்பது முறை பூச்சிமருந்து அடித்தேன். அத்தனை அடித்தும் கோயம்பேட்டுக்குப் போன கத்தரியில் கால்வாசியைச் சொத்தை என்று கழித்துத்தான் விலை பேசினார்கள். பட்டம் முடிந்த பிறகு தேதிகளை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, ஒன்பதில் ஆறு முறை புழு காய்க்குள் போய்ச் சேர்ந்த பிறகே மருந்து அடித்திருக்கிறேன் என்பது தெரிந்தது. அடுத்த பட்டத்திலிருந்து வாரம் இரண்டு முறை எண்ணி எழுதத் தொடங்கினேன். மருந்து மூன்று முறையோடு நின்றது. நகரத்தில் இருந்துகொண்டு புறநகரில் முதன்முதலாகக் காய்கறி வைக்கப் போகிறவர்களுக்காக, அந்த எண்ணும் வேலையை எப்படிச் செய்வது என்பதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. நடவுக்கு ஒரு மாதம் முன்பே காகிதங்களை எடுத்து வையுங்கள்

பொறி வைப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுப்பது), மஞ்சள் ஒட்டுப்பொறி, உயிரியல் மருந்துகள் ஆகியவை மானியத்தில் கிடைக்கும் பருவங்கள் உண்டு. அவற்றுக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆதார் நகல், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிட்டாவை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே எடுத்துவிடலாம். குத்தகைக்காரர்கள் தடுமாறும் இடம் அடங்கல்தான், ஏனென்றால் அதில் நடப்புப் பயிரின் பெயர் இருக்க வேண்டும், அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம்தான் வாங்க வேண்டும். எனக்கு இதற்கு மூன்று நடை ஆயிற்று. முதல் முறை அவர் வேறு கிராமத்துக்குப் போயிருந்தார், இரண்டாம் முறை குத்தகை ஒப்பந்தம் கையில் இல்லை. ஒப்பந்தம் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் இருந்தாலும் சரி, அதன் நகலோடு போங்கள்; நில உரிமையாளரையும் கூட அழைத்துப் போனால் ஒரே நடையில் முடிந்துவிடும்.

ஆடிப்பட்டத்துக்கு வைகாசிக் கடைசியிலும், தைப்பட்டத்துக்குக் கார்த்திகையிலும் போய்க் கேட்பது நல்லது. நட்டுவிட்டுப் போனால் ஒதுக்கீடு முடிந்திருக்கும். மானியம் வரும் என்று காத்திருந்து பொறி வைப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். மொத்தச் செலவே கீழே சொல்லும் அளவுதான்.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

எனக்கு 70 சென்டுக்கு ஒரு பட்டத்தில் ஆன செலவு இது. புனல் வடிவ இனக்கவர்ச்சிப் பொறி நான்கு, ஒன்று 130 ரூபாய் வீதம் 520. மாற்றுக் கவர்ச்சிக் குப்பிகள், அதாவது கடைகளில் லூர் என்று கேட்டால் கொடுப்பவை, பன்னிரண்டு, 45 ரூபாய் வீதம் 540. பழ ஈப் பொறி இரண்டு 220. மஞ்சள் ஒட்டு அட்டை பத்து 250, நீல அட்டை மூன்று 75. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி 150. கெட்டி அட்டை போட்ட நோட்டு 45. ஆக மொத்தம் 1,800 ரூபாய். கடைக்குக் கடை விலை மாறும். ஆனால் நான் அந்த முதல் பட்டத்தில் ஒருமுறை மருந்து அடிக்க, மருந்துக்கும் ஆள் கூலிக்கும் சேர்த்து 1,300 ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்தேன். இரண்டு அடிப்பைத் தவிர்த்தாலே பொறிச் செலவு திரும்பிவிடும்.

கைக்கண்ணாடியை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். இலைப்பேனையும் சிலந்திப்பேனையும் வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பில் கேட்டு வாங்குங்கள். கவர்ச்சிக் குப்பிக்கும் காலாவதித் தேதி உண்டு. கடையின் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த குப்பி, உறை பிரிக்காமல் இருந்தாலும் வீரியம் குறைந்திருக்கும். வாங்கியவற்றை உறையோடு டப்பாவில் மூடி வீட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பது உத்தமம்.

3. எந்தப் பூச்சிக்கு எந்தக் குப்பி

இந்தப் படியில்தான் நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். பாகலுக்குப் பழ ஈப் பொறி கேட்டேன். கடைக்காரர் கொடுத்ததைக் கட்டித் தொங்கவிட்டேன். நான்கு வாரத்தில் பொறியில் நிறைய ஈ விழுந்தது, ஆனால் காயில் புழு குறையவில்லை. கொடுத்தது மெத்தில் யூஜினால். அது மா, கொய்யாவைத் தாக்கும் பழ ஈயின் ஆணைக் கவர்வது. பக்கத்துத் தோப்பின் மா ஈக்களை நான் விருந்துக்கு அழைத்திருக்கிறேன். பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணி ஆகியவற்றின் பழ ஈக்குக் கியூ லூர் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கத்தரியின் தண்டு மற்றும் காய்த்துளைப்பானுக்கு உறையில் லூசினோடஸ் ஆர்போனாலிஸ் என்று போட்டிருக்க வேண்டும். தக்காளி, வெண்டையின் பச்சைக் காய்ப்புழுவுக்கு ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. வெண்டையின் புள்ளிக் காய்ப்புழுவுக்கு ஏரியாஸ் விட்டெல்லா. இலையைச் சல்லடையாக்கும் புரோடீனியாப் புழுவுக்கு ஸ்போடாப்டிரா லிட்டுரா. தக்காளி வைப்பவர்கள் ஊசிப்புழுவுக்கான டியூட்டா அப்சல்யூட்டா குப்பியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2014இல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்தப் பூச்சியைப் பழைய பயிர்க் கையேடுகளில் தேடினால் கிடைக்காது. வணிகப் பெயர் எதுவாக இருந்தாலும் இந்த உயிரியல் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு பொறியில் ஒரே ஒரு குப்பி. செலவு மிச்சம் என்று இரண்டு வகைக் குப்பிகளை ஒரே பொறியில் போட்டால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது. ஒரு வகைக் குப்பியைத் தொட்ட கையால் மற்றொன்றைத் தொடுவதும் அதே தவறுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அல்லது உறையாலேயே பிடித்துப் பொருத்துங்கள்.

4. பொறிகளை எங்கே, எந்த உயரத்தில் வைப்பது

கண்காணிப்புக்கு எக்டருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறி என்பது நடைமுறையில் உள்ள பரிந்துரை. ஏக்கருக்கு ஐந்து வரும், 40 சென்ட் கத்தரிக்கு இரண்டு போதும். பூச்சியைக் கூட்டமாகப் பிடித்து அழிப்பதற்கு இதைப் போலப் பல மடங்கு பொறி வேண்டும். எனவே இந்த இரண்டு பொறி உங்கள் கத்தரியைக் காப்பாற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். காய்ச்சலை அளக்கும் கருவி காய்ச்சலைக் குறைக்காது. பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டுமே, முட்டையிடும் பெண் செடியில்தான் இருக்கிறது.

கத்தரியில் பொறியைச் செடியின் உச்சி மட்டத்தில் வையுங்கள், ஏனெனில் அந்த அந்துப்பூச்சி தாழப் பறப்பது. பச்சைக் காய்ப்புழுவுக்கு உச்சிக்கு மேலே ஓர் அடி. செடி வளர வளரப் பொறியையும் ஏற்ற வேண்டும். இதை மறந்து, ஐப்பசியில் இலைக்கூட்டத்துக்குள் மூழ்கிக் கிடந்த பொறியைப் பார்த்து "பூச்சியே இல்லை" என்று நான் மகிழ்ந்த நாட்கள் உண்டு. மஞ்சள் அட்டையும் செடி உச்சி மட்டத்தில்தான். சாலையோரப் புழுதி படும் வரப்பை விட்டு உள்ளே தள்ளி நடுங்கள்.

குச்சியில் ஓர் அங்குலத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். இதை யாரும் சொல்லித் தரவில்லை. எறும்பு ஏறி, விழுந்த அந்துப்பூச்சிகளை இழுத்துப் போய்விடும். நீங்கள் காலையில் வெறும் பையைப் பார்த்துப் பூஜ்யம் என்று எழுதுவீர்கள்.

குப்பியை நான் 25 நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மாற்றும் தேதியைப் பொறியின் மேலேயே அழியாத மையால் எழுதிவிடுங்கள்.

5. வாரம் இரண்டு நாள், ஒரே நேரம், ஒரே முறை

பொறி பாதிக் கதைதான் சொல்லும். மீதிக் கதைக்குச் செடியைப் பார்த்தாக வேண்டும். நான் புதனும் ஞாயிறும் காலை ஆறரைக்குள் வயலில் இருப்பேன். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை ஈயும் தத்துப்பூச்சியும் இலையைத் தொட்டவுடன் பறந்துவிடும், எண்ண முடியாது.

வரப்போரம் இரண்டு வரிசையை விட்டுவிட்டு, வயலுக்குள் குறுக்கும் மறுக்கும் வளைந்து நடந்து, ஐந்து இடங்களில் நில்லுங்கள். ஓர் இடத்துக்கு நான்கு செடி, ஆக 20 செடி. பார்க்கும்போதே வாடியிருக்கும் செடியைத் தேடிப் போகக் கூடாது. பத்து எட்டு வைத்து நின்ற இடத்தில் எது இருக்கிறதோ அதுதான் செடி. முதல் பட்டத்தில் நான் மோசமான செடிகளையே பார்த்துப் பயந்தேன்; பயத்தில் அடித்த மருந்து எத்தனை என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு செடியிலும் மேல், நடு, கீழ் என மூன்று இலைகளை அசைக்காமல் மெல்லத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பூவையும் கொழுந்தையும் ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரண்டு முறை தட்டினால், நீளமாக ஊர்வது இலைப்பேன், புள்ளியாக ஊர்வது சிலந்திப்பேன். கைக்கண்ணாடியில் கால்களை எண்ணினால் சிலந்திப்பேனுக்கு எட்டு.

கத்தரியில் குருத்து வாடித் தலைகுனிந்திருந்தால், அதைக் கிள்ளி நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் புழு இருந்தால் அது தண்டுத்துளைப்பான். குருத்து மட்டுமன்றி முழுச் செடியுமே வாடியிருந்தால் அது வேர் அல்லது வாடல் நோய்ச் சங்கதி. பூச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கணக்கு எளிது. 20 செடிகளில் மொத்தம் 118 குருத்து, அவற்றில் வாடியவை 4 என்றால், 3.4 சதவீதம். பறிப்புத் தொடங்கிய பிறகு இதே போலக் காயை எண்ணுங்கள். பறித்துக் கொட்டிய குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 100 காயை எடுத்து அவற்றில் சொத்தை எத்தனை என்று எழுதினால் போதும்.

நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, பயிரின் வயது, முந்தைய நாள் மழை உண்டா, ஒவ்வொரு பொறியிலும் விழுந்த எண்ணிக்கை, இலைக்குச் சராசரி, வாடிய குருத்து சதவீதம், நன்மை செய்யும் பூச்சிகள், அன்று செய்த வேலை. எண்ணியவுடன் பொறியைக் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் போன வாரத்துப் பூச்சியையே இந்த வாரமும் எண்ணுவீர்கள். 20 செடிக்கு எனக்கு இப்போது 45 நிமிடம் ஆகிறது. முதல் மாதம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

6. பயிரின் எந்த வயதில் எதைத் தேடுவது

நாற்றங்காலில் வெள்ளை ஈயைத்தான் பார்க்க வேண்டும். நெருக்கமான நைலான் வலை மூடினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. நட்ட முதல் மூன்று வாரம் சாறு உறிஞ்சும் பூச்சிகளின் காலம். வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் தேமல் நோயை வெள்ளை ஈயும், கத்தரியில் சிற்றிலை நோயைத் தத்துப்பூச்சியும் பரப்புவதால், இந்த நாட்களில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அலட்சியம் கூடாது. தேமல் கண்ட வெண்டைச் செடியைப் பார்த்த அன்றே பிடுங்கிப் புதையுங்கள், அது தேறாது.

நான்காம் வாரம் முதல் கத்தரியில் குருத்து, பூத்த பிறகு காய். துளைப்பானின் முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும், பொரித்த புழு சில மணி நேரத்திலேயே குருத்துக்கோ காய்க்கோ உள்ளே போய்விடும். உள்ளே போனதை மேலே தெளிக்கும் மருந்து தொடாது. பொறியில் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்த நாளுக்கும் புழு உள்ளே நுழையும் நாளுக்கும் இடையிலுள்ள அந்தச் சில நாட்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பாகலில் பிஞ்சு விட்டவுடன் பழ ஈயைத் தேடுங்கள். பிஞ்சில் ஊசி குத்தியது போன்ற இடத்தில் பிசின் கசிந்திருக்கும்.

சென்னைப் பக்கத்துப் பருவத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொறி எண்ணிக்கை சட்டென்று விழும். அந்துப்பூச்சி மழையில் பறப்பதில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. மழை விட்ட மூன்றாம் நாள் கட்டாயம் வயலுக்குப் போங்கள். மார்கழிப் பனியில் அசுவினி ஏறும். மாசி முதல் சித்திரை வரை, வறண்ட வெயிலில், வெள்ளை ஈ, இலைப்பேன், சிலந்திப்பேன் மூன்றும் சேர்ந்து வரும்.

7. எது எதிரி, எது துணை

எபிலாக்னா வண்டும் பொறிவண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். முன்னது கத்தரி இலையைச் சுரண்டித் தின்பது. முதுகு பளபளப்பில்லாமல், மெல்லிய மயிரோடு, புள்ளிகள் நிறைய இருக்கும். பின்னது மினுமினுப்பாக இருக்கும், அசுவினியைத் தின்னும். குட்டிகளில் வேறுபாடு இன்னும் தெளிவு: எபிலாக்னாவின் புழு மஞ்சளாக முள் முள்ளாக இருக்கும், பொறிவண்டின் புழு கறுத்து, முதலை போல நீண்டு வேகமாக ஓடும். அந்தக் கறுப்புப் புழுவை நசுக்கிக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து வயல் பெரியவர் ஒருவர், "அது நம்ம ஆளு சார், விட்டுடுங்க" என்று தடுத்தார். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி, சிறு குளவிகள் இவற்றையும் எண்ணுங்கள். மஞ்சள் அட்டையில் இவை அதிகம் ஒட்டத் தொடங்கினால் அட்டைகளைக் குறையுங்கள்.

8. எண்ணிய பிறகு முடிவெடுப்பது

வாடிய குருத்து இரண்டு சதவீதத்துக்குள் இருந்தால், நான் கிள்ளி எடுத்துப் பையில் கட்டி அழிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கிள்ளியதை வரப்பில் எறிந்தால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். பொறி எண்ணிக்கை தொடர்ந்து இரண்டு மூன்று நோட்டங்களில் ஏறி, குருத்தும் மூன்றைத் தாண்டினால் வேப்பங்கொட்டைச் சாறு. 10 லிட்டர் டேங்குக்கு 500 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 10 கிராம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால்தான் கடை மருந்து. இவை என் வயலுக்கு நான் வைத்துக்கொண்ட எல்லைகள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் உங்கள் பயிருக்கான பொருளாதார சேத நிலையை, அதாவது எந்த எண்ணிக்கைக்கு மேல் போனால் மருந்துச் செலவு கட்டும் என்ற எல்லையைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடை மருந்து வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்க வேண்டும். முக்கோணத்தின் நிறம்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மூன்றாவது, அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையில் காத்திருக்க வேண்டிய நாட்கள். கத்தரியும் வெண்டையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கும் பயிர்கள் என்பதால், பறித்து முடித்த மாலையில் அடித்து, காத்திருப்பு நாளில் முற்றும் காயைச் சந்தைக்கு அனுப்பாமல் கழித்துவிட வேண்டும். அந்த நட்டத்தையும் மருந்துச் செலவில் சேர்த்துக் கணக்கிடுங்கள். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிகளுக்குத் தடை செய்யப்பட்டது. "எல்லாரும் அடிக்கிறாங்க" என்று யார் நீட்டினாலும் வேண்டாம். இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்கித் தரும் பழக்கத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். பைரித்திராய்டு வகையைத் திரும்பத் திரும்ப அடித்தால் துணைப் பூச்சிகள் செத்து, வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் முன்னிலும் பெருகும். எனக்குச் சித்திரையில் இதுதான் நடந்தது.

9. தெரியாத பூச்சி வந்தால்

இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், முழுச் செடி என மூன்று படம் எடுங்கள்; அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். பூச்சியைச் சிறு டப்பாவில் காகிதத் துண்டோடு போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈர இலையோடு போட்டால் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும். திருவள்ளூர்ப் பக்கத்துக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையம், தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம். வேலை நாளில் காலையிலேயே, நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டைப் புரட்டியதும் என்னிடம் அவர்கள் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன. போக முடியாதபோது 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே பேசலாம். உங்கள் ஊருக்கு உதவி அலுவலர் வரும் நாளை உழவன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

10. கடைசிப் பறிப்புக்குப் பின்

கத்தரித் தட்டைகளைப் பிடுங்கி வரப்பில் அடுக்கி வைக்காதீர்கள். காய்ந்த தண்டிலும் உதிர்ந்த சருகிலும் துளைப்பானின் கூட்டுப்புழு இருந்து, அடுத்த நாற்றுக்கு நேரே வந்து சேரும். ஒரு வாரத்துக்குள் அப்புறப்படுத்துங்கள். புழு வைத்த பாகல் காய்களை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். பொறிகளைக் கழுவி நிழலில் காயவைத்து, பழைய குப்பிகளை வயலில் விடாமல் எடுத்துவிடுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, ஒவ்வொரு பூச்சியும் முதன்முதலில் தென்பட்ட தேதியைக் கடைசிப் பக்கத்துக்கு எடுத்தெழுதி, அதற்கு 15 நாள் முன்தேதியில் புதுக் குப்பிக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.